தரையில் நின்றபடி பாஸ் கொடுத்தவன்

எனக்கு உயரம் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். அந்த மாதிரிதான் இதுவும். சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயும்போது காக்கா விரட்ட என்னை அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் நான் மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டு "சூ" என்பேன். காக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வடகத்தை எடுக்கும்.

இப்படிப்பட்ட என்னைத்தான், கடலூரைப் புரட்டிப்போட்ட அந்தப் பெரும்புயல் வந்ததற்கு முந்தின வருடம், எங்கள் கம்பெனி பாதுகாப்பு அதிகாரி ஆக்கியது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் குஜராத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஆணி, போல்ட்டு, சிமெண்ட்டு மூட்டை எல்லாம் தரையில் இருக்கிற பொருள்கள். எனக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போனது. ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வேளையில், கடலூருக்குத் தெற்கே கடலோரமாக ஒரு தொழிற்சாலை கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. அங்கே காலியாக இருந்த ஒரே நாற்காலி பாதுகாப்பு நாற்காலி. சென்னையில் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வா என்றார்கள். பயிற்சி வகுப்பு தரைத்தளத்தில் நடந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

என் வேலையில் முக்கியமானது புதன்கிழமை. ஆள் உயரத்துக்கு மேலே ஏறி வேலை செய்கிற யாராக இருந்தாலும் சட்டையில் ஹைட் பாஸ் மாட்டியிருக்க வேண்டும். அந்தப் பாஸைக் கொடுப்பவன் நான். முதலில் ஃபர்ஸ்ட் எய்ட் அறையில் சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்ப்பார், கண் பார்ப்பார், வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா என்று கேட்பார். அங்கே தேறியவர்கள் என்னிடம் வருவார்கள். நான் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்பு பீமைக் கிடத்தி வைத்திருந்தேன். அதன்மேல் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நடக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நான் போதும் என்று சொல்லும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ராத்திரி தூங்காதவன், தண்ணி போட்டவன், காதில் சீழ் வடிகிறவன் எல்லாரும் ஆடுவார்கள். ஆனால் ஒருவன் ஆட்டம் இன்னொருவனுக்கு வராது. பார்க்கப் பார்க்க எனக்குப் பழகிவிட்டது.

கடைசியாக, இரண்டு மாடி உயரத்தில் சாரம் கட்டி, பலகைப் படி வைத்து, ஒரு மேடை போட்டிருந்தோம். பெல்ட் மாட்டிக்கொண்டு மேலே போய், கொக்கியைக் குழாயில் போட்டு, நிமிர்ந்து நின்று, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கி வர வேண்டும். இந்தக் கட்டத்தை நான் கீழே நின்று கழுத்தை மட்டும் மேலே அனுப்பி நடத்திவந்தேன். "கொக்கிய மொதல்ல போடு! அப்பறம் வேடிக்க பாரு!" என்று கத்துவேன். என் குரலுக்கு உயர பயம் கிடையாது.

புதன்கிழமைகளில் ஃபர்ஸ்ட் எய்ட் அறைப் பக்கம் போனால் ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டதுபோல இருக்கும். ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதுவானாலும் வெறும் வயிறு என்று காலையில் சாப்பிட மாட்டார்கள். இரண்டு, அந்த வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டைக் கடித்து விழுங்குவார்கள். பூண்டு பிரஷரை இறக்கும் என்பது ஊர் அறிந்த வைத்தியம். பூண்டு என்ன செய்ததோ, பசி வேலை செய்தது. பீம் மேல் ஏறியதும் நெஞ்செரிச்சலும் வியர்வையுமாக ஒவ்வொருத்தனும் சரிந்தான். ஒரு புதன்கிழமை சாரம் கட்டும் கோஷ்டி மொத்தமும் ஃபெயில். தண்ணி போடாதவன்கூடத் தண்ணி போட்டவனாக ஆடினான். அதற்குப் பிறகு நான் கேட்டிலேயே இட்லி வாங்கி வைத்துவிட்டுத்தான் பரிசோதனையை ஆரம்பித்தேன்.

இட்லியாலும் தேறாதவர் ஒருவர் இருந்தார், அந்தக் கோஷ்டியின் மேஸ்திரி. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கோஷ்டியில் பாதிப் பேர் அவருக்கு உண்மையாகவே மச்சான் முறை, மீதிப் பேர் அதைப் பார்த்து முறை வைத்துக்கொண்டவர்கள். ஆக எல்லாருக்கும் அவர் மாமா. அவர் தலையசைக்காமல் ஒருத்தனும் ஒரு குழாயைக்கூடத் தூக்க மாட்டான். அவருக்கு ரத்த அழுத்தம் ஒவ்வொரு வாரமும் மேலேதான் நின்றது.

"ராத்திரி ஊறுகா தொட்டுக்கினேன் சார். அதான் காட்டுது" என்பார்.

"போன வாரம் கருவாடுன்னிங்களே மேஸ்திரி."

"அது போன வாரம்."

சிஸ்டர் பரங்கிப்பேட்டைக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது, ஆனால் விடவும் மாட்டார். "அண்ணே, மெஷினு கருவாட்டயெல்லாம் பாக்காது. ஜாஸ்தியா இருக்கு. டாக்டரு எழுதிக் குடுத்த மாத்திரயப் போடுங்க, இன்ஷா அல்லா ரெண்டு வாரத்துல எறங்கிடும்."

"அதெல்லாம் ஆரம்பிச்சா நிறுத்த முடியாதும்மா. சாவற வரிக்கும் போடணும்."

"போடலன்னா அது சீக்கிரம் வந்துடும்ல?"

மேஸ்திரி என்னைப் பார்த்து முறைப்பார். என்னவோ நான்தான் அவர் ரத்தத்தைப் பிடித்து மேலே தள்ளியதுபோல. பாஸ் இல்லாததால் அவர் தரையிலேயே நிற்க வேண்டியிருந்தது. மேலே இருந்து அவருடைய மச்சான்கள், "மாமா, இந்த கிளாம்பு எப்பிடி போடறதுன்னு தெரியல, மேல வந்து காட்டேன் மாமா!" என்று வேண்டுமென்றே கேட்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார். ஒவ்வொரு அடியும் என்னை நினைத்து விழுந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த நிலைமையில்தான் தொழிற்சாலை முதலாளி தரப்பிலிருந்து புதிதாக ஒரு மேடம் வந்தார். சின்ன வயது, இன்ஜினியர், விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிஜமாகவே படித்தவர். அப்படி ஓர் ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. வந்த அன்றே என் மேடையைப் பார்த்தார், பீமைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது. அடுத்த நொடி, "உங்க பாஸ் எங்க சார்?" என்றார்.

டிக்கெட் வாங்காதவன் செக்கரைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பானே, அப்படித் தட்டினேன். எல்லாப் பையிலும் தேடினேன். பேனா இருந்தது.

"பாஸ் குடுக்கறவருக்கும் பாஸ் இருக்கணும். அதான் ரூல்" என்றார், ரொம்ப மரியாதையாக.

சாயங்காலம் எங்கள் மேனேஜர் போனில் வந்தார். "வர்ற புதன்கிழமைக்குள்ள பாஸ் எடுத்துருங்க. இல்லன்னா ஒண்ணும் பிரச்சின இல்ல, குஜராத்துல ஒங்க பழைய ஸ்டோர் காலியாத்தான் இருக்கு." அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

எனக்கு ஆறுதலாக இல்லை. என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பன்னிரண்டு வருடமும் அவள் அப்பா என்று கூப்பிட்டது பெரும்பாலும் ஒரு போனைப் பார்த்துத்தான். நான் ஊரோடு வந்த பிறகுதான் கணக்கில் சந்தேகம் கேட்கவும், எனக்குத் தெரியவில்லை என்றதும் தலையில் அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தாள். அந்தத் தலையில் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டு மறுபடி ரயிலேற எனக்கு மனமில்லை.

ஆகவே பயிற்சியில் இறங்கினேன். பல் துலக்கும்போது ஒற்றைக் கால். சோறு ஆறும்வரை ஒற்றைக் கால். எங்கள் ஊர்ச் சாமியே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர், ஊர்க்காரனுக்கு அது வராமலா போகும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவருக்குக் காலுக்கடியில முயலகன் படுத்து முட்டுக் குடுக்கறான். ஒங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

"நீ இருக்கியே."

"வேற ஆளப் பாருங்க. ரெண்டு கால்ல நின்னே இந்த வீட்டுல ஒரு பல்பு மாத்துனதில்ல நீங்க."

அது உண்மை. பல்பு மேலே இருக்கிறது.

புதன்கிழமை காலையில், யாருக்கும் தெரியாமல் சமையலறையில் புகுந்து பூண்டு உரித்தேன். ஆமாம், நானேதான். வாராவாரம் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். பயம் வந்தால் படிப்பு போய்விடும், பூண்டுதான் மிஞ்சும். கடலூர் பஸ்ஸில் அன்றைக்கு எனக்குப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே வந்தது. ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தார்.

சைட்டில் செய்தி பரவியிருந்தது. என்னைப் பரிசோதிப்பதற்குப் பாஸ் வைத்திருக்கிற இரண்டு பேர் வேண்டும் என்று மேடம் கேட்டாராம். சாரக் கோஷ்டி முழுவதும் கையைத் தூக்கியதாம். பாஸ் இல்லாத மேஸ்திரி, "நான் தரையில நின்னு மேற்பார்வ பாத்துக்கறேன் மேடம்" என்று தனக்குத்தானே ஒரு பதவி போட்டுக்கொண்டு, என் விசிலையும் எடுத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

சிஸ்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். மூக்கைச் சுளித்தார்.

"பூண்டா சார்?"

"ம்."

"எல்லாரும் ஒரே கடையிலதான் வாங்கறிங்க போல." மெஷினைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி தண்ணீர். ஒரு வழியாக அது கோட்டுக்குக் கீழே வந்து நின்றது. "யா அல்லா, எழுந்து போங்க சார், அது மனசு மாறறதுக்குள்ள" என்றார்.

பீமுக்கு இரண்டு பக்கமும் கோஷ்டி வரிசையாக நின்றது. வாராவாரம் நான் அவர்களிடம் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

"கைய ஏன் சார் விரிக்கறிங்க? பறக்கப் போறிங்களா?"

"பீமப் பாக்காதிங்க! மாப்ள ஊட்டுக்குப் போற மாதிரி நேராப் பாருங்க!"

இரண்டும் நான் சொன்னவைதான், சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நடந்து முடித்துவிட்டேன். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றபோது மேஸ்திரி விசிலை ஊதினார். "கண்ணு மூடியிருக்கு, ஆனா இமை துடிக்குது. இதுக்கு மார்க்கு கொறைக்கணும் மேடம்." மேடம் சிரிக்காமல், "அது ரூல்ல இல்ல" என்றார்.

பிறகு மேடை.

பலகைப் படியில் முதல் திருப்பம்வரை நான் சரியாகத்தான் ஏறினேன். அதற்கு மேல் காற்று வேறு மாதிரி அடித்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கு வழியாகக் கீழே இருக்கிறவர்களின் ஹெல்மெட் தெரிந்தது. மேலே போகப் போக அந்த ஹெல்மெட்டெல்லாம் கிண்ணமாகி, பொத்தானாகின. கையால் ஒவ்வொரு குழாயையும் பிடித்துப் பிடித்து மேடைக்கு வந்து சேர்ந்தேன். கொக்கியைப் போட்டேன். அது விழுந்த 'க்ளிக்' சத்தம் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் நிமிர்ந்து நின்றேன். கிழக்கே கடல் தெரிந்தது. கடலைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம், டவுன் பஸ் ஏறி சில்வர் பீச்சுக்குப் போயிருக்கலாம். பிறகு, விதிப்படி, கீழே பார்த்தேன்.

அவ்வளவுதான். பக்கத்துக் குழாயை இரண்டு கையாலும் ஒரு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் மனைவியைக்கூட நான் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"போதும் சார், எறங்கலாம்" என்றார் மேடம்.

"கொஞ்சம் காத்து வாங்கறேன்" என்றேன்.

காற்று வாங்கி முடியவில்லை. கலவை மெஷினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்து ஆட்களும் வந்துவிட்டார்கள்.

"சார் மேல இன்னா பண்றாரு?"

"கடல பாக்கறாரு."

"கடலு அந்தாண்டதான கீது? சாரு கண்ண மூடிகினு இல்ல இருக்காரு?"

"யாராவது மேல போங்க" என்றார் மேடம். அவர் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் பதற்றம் தெரிந்தது. கோஷ்டி மேஸ்திரியைப் பார்த்தது. மேஸ்திரி கையைக் குறுக்கே நீட்டி அவர்களை நிறுத்தினார். அவர் வாழ்க்கையில் இதைவிட நல்ல புதன்கிழமை வந்திருக்காது.

"பயப்படாதிங்க மேடம். நானே போயி ஒரு நிமிசத்துல கொழந்த மாதிரி தூக்கிக்கினு வந்துருவேன்." முதல் படியில் காலை வைத்தார். வைத்த காலை எடுத்தார். "அய்யய்யோ! மறந்தே போச்சி. எனக்குதான் பாஸ் இல்லியே!"

கீழே சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"சார்! ஏறட்டுமா?" என்று என்னை நோக்கிக் குரல் கொடுத்தார். "பாஸுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இதோ வந்துடறேன்!"

அப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என் உடம்பில் இருந்த ஒவ்வொரு அணுவும் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"மாத்திர போட்டிங்களா?"

மேஸ்திரி எதிர்பார்க்கவில்லை. "இப்ப எதுக்கு சார் மாத்திர?"

"போட்டிங்களா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப பாஸ் கெடையாது!" என்று கத்தினேன். குரல் உடைந்து, கோழி கத்தினதுபோல வந்தது. "கால எடுங்க படியிலேர்ந்து!"

பிறகு யாரோ ஒருவன், "மேல தொங்கிகினு இருந்துகினே ஃபெயில் போடறாரு மாமா!" என்றான். மறுபடி சிரிப்பு. ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாஸ் வைத்திருந்த இரண்டு மச்சான்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்கள் விறுவிறுவென்று ஏறினார்கள்.

என்னைக் குழாயிலிருந்து பிரிப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். மற்றபடி ஒருத்தன் முன்னால், ஒருத்தன் பின்னால், நடுவே நான். நடக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து, தவழ்கிற குழந்தை மாடிப்படி இறங்குகிறதே, அப்படி வந்தேன். முன்னால் போனவன், "என் முதுகயே பாருங்க சார், கீழ பாக்காதிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் பனியனில் இருந்த கிழிசல் எப்படி இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். தரைக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் ஓடிவந்து பட்டையைச் சுற்றினார். மெஷின் எர்ரர் என்று காட்டியது.

"ஃபெயில் சார்" என்றார் மேடம்.

"தெரியும் மேடம்" என்றேன். குஜராத் ரயில் என் காதில் கூவியது.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விசிலைக் கழற்றி என் மடியில் வைத்தார். "சார், நெசமாவே எனக்கு அவ்ளோ ஜாஸ்தியா இருக்குதா?"

"இவ்ளோ நாளா என்ன சொல்லிட்டு இருக்கோம்?"

"நீங்க என்மேல இருக்கற கடுப்புல சொல்றிங்கன்னு நெனச்சேன். ஆனா இன்னிக்கி ஒங்களுக்கு உசுரு போற பயம். அப்பவும் ஏறாதன்னு சொல்றிங்கன்னா, எனக்குள்ள என்னமோ இருக்கணும்." சிஸ்டரைப் பார்த்தார். "அந்த மாத்திர சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?"

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலையே எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டு, இவர் மேடைப் பக்கம் போக வேண்டாம், மேடைக்குப் பாஸ் உள்ள வேறு ஆளைப் போட்டுப் பாஸில் அவர் கையெழுத்தும் வாங்கினால் ரூலுக்குப் போதும், ஆனால் பீமும் பாஸும் இவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். "அந்த நெலமையிலயும் விட்டுக் குடுக்காத ஆளு எனக்கு வேணும்" என்றாராம்.

இதைக் கேட்ட பலர் என்னைப் பாராட்டினார்கள். நானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கத்தலுக்கு எவ்வளவு கடமை உணர்ச்சி காரணம், எவ்வளவு பயம் காரணம் என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மேலே அந்தச் சின்ன மேடையில், பிரஷர் ஏறிய ஒரு கனத்த மனிதர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவருக்குத் தலை சுற்றினால் அவர் எதைப் பிடிப்பார்? என்னைத்தானே!

வீட்டுக்குப் போனபோது கூடத்தின் நடுவே என் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. மனைவி பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காய வைத்து எடுத்து வந்திருந்தாள். நான் எப்படியும் தேறமாட்டேன் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"பாஸா?"

"ஃபெயில்."

மகள் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பேனா நின்றுவிட்டது.

"ஃபெயிலுதான். ஆனா இங்கயேதான் இருக்கப் போறேன்" என்றேன்.

மகள் பேனா மறுபடி ஓடியது. அவள் அம்மா பெட்டியைப் பட்டென்று மூடினாள். "அத மொதல்ல சொல்லக் கூடாதா? நான் டிவியக்கூட நீங்க படுக்கற ரூமுக்கு மாத்திடலாம்னு இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள். "சரி, ஸ்டூல்ல ஏறி இத மேல வையுங்க."

"எனக்குப் பாஸ் இல்ல" என்றேன்.

என்னை அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஸ்டூலில் ஏறினாள். நான் கீழே நின்று இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டூல ஆட்டாதிங்க!"

"நான் ஆட்டல. என் கைதான் ஆடுது."